தூய்மை செய்யும் கைகளுக்குப் பாதுகாப்பு

வீடும் வீதியும் தூய்மையாக இருந்தாலன்றி ஊர் நலம் பெறாது என்பதை நாம் யாவரும் அறிவோம். கழிப்பிடம் கட்டுவதிலும், குப்பையைத் தரம் பிரிப்பதிலும், குடிநீர்த் தொட்டியைக் கழுவுவதிலும் நம் ஊராட்சிகள் இன்று மிகுந்த கவனம் செலுத்துகின்றன. ஆயினும், இத்தூய்மையைச் செய்து முடிக்கும் கைகளின் நிலை யாது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. சோப்பும் சலவைத் தூளும் பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் நாள்தோறும் பட்டுப் பட்டு, விரல் இடுக்குகள் சிவந்து, தோல் உரிந்து, வெடித்து, உப்பும் புளியும் தொட முடியாமல் துன்புறும் பெண்கள் ஒவ்வோர் ஊரிலும் உள்ளனர். இதனை "வேலை செய்த கை அப்படித்தான் இருக்கும்" என்று தள்ளிவிடுவது முறையன்று.

சென்னையின் மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய பகுதிகளில் இவ்விஷயம் பிழைப்போடு தொடர்புடையதாகவும் ஆகிவிட்டது. 1960-களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் அமைந்தன. வயல்கள் மனைகளாயின, மனைகளில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. 2011-இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது; 2019-இல் ஆவடி தனி மாநகராட்சி ஆயிற்று. இவற்றை அடுத்துள்ள சிற்றூர்களிலிருந்து காலையில் பேருந்திலும் ஷேர் ஆட்டோவிலும் புறப்பட்டுச் சென்று, மூன்று நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கித் தரை துடைத்து வரும் பெண்கள் பலர். மாலையில் தம் வீட்டிலும் அதே வேலை அவர்களுக்குக் காத்திருக்கிறது. கை வெடித்துவிட்டால் அவர்கள் விடுப்பு எடுக்க இயலாது. எடுத்தால் கூலி இல்லை. ஆகவே, கையைக் கெடுக்காமல் வீட்டு வேலையைச் செய்வது எவ்வாறு என்பதை நாம் முறையாக அறிந்துகொள்ளுதல் அவசியம்.

பழைய முறை மாறிய விதம்

நம் பாட்டிமார் காலத்தில் மண் தரைக்குச் சாணம் மெழுகினார்கள். பாத்திரத்தை அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டு துலக்கினார்கள். பித்தளைக்குப் புளி, தலைக்குச் சீயக்காய், பட்டுத் துணிக்குப் பூந்திக்கொட்டை, சலவைக்கு உவர்மண் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் இருந்தது. மண் தரை போய்ச் சிமெண்டுத் தரையும் பின்னர் வழவழப்பான ஓட்டுத் தரையும் வந்தபோது பினாயில் வந்தது. விறகடுப்புப் போய்க் காஸ் அடுப்பு வந்தபோது சாம்பல் மறைந்தது; அதன் இடத்தைப் பாத்திரம் துலக்கும் சோப்புப் பிடித்துக்கொண்டது. 1959-இல் நம் நாட்டுக் கடைகளுக்கு வந்த செயற்கைச் சலவைத் தூள், 1970-களில் விலை மலிந்து சிற்றூர்ப் பெட்டிக்கடை வரை பரவியது. கழிப்பிடங்கள் பெருகியபோது அமிலக் கரைசல்களும் பெருகின.

இம்மாற்றங்களால் விளைந்த நன்மைகள் பல. கண் எரியப் புகையில் சமைத்த காலத்தை மீண்டும் விரும்புவார் யாரும் இல்லை. ஆனால் புதிய பொருள் வந்தபோது அதனைக் கையாளும் முறை உடன் வரவில்லை. சாம்பலை அள்ளிய அதே வெறுங்கையால் நாம் சலவைத் தூளையும் பிளீச்சிங் பவுடரையும் அள்ளுகிறோம். தீங்கின் தொடக்கம் இதுவே.

தோலுக்கு நேரும் இருவகைக் கேடுகள்

நம் தோலின் மேலடுக்கு ஒரு செங்கற் சுவர் போன்றது. இறந்த செல்கள் செங்கற்கள். அவற்றுக்கு இடையேயுள்ள கொழுப்புப் பசை சாந்து. எண்ணெய்ப் பிசுக்கைப் பாத்திரத்திலிருந்து நீக்கும் சோப்பு, இச்சாந்தையும் சேர்த்தே கரைக்கிறது. மேலும், தோல் இயல்பாகவே சிறிது புளிப்புத் தன்மை உடையது. அமிலம், காரம் ஆகியவற்றை அளக்கும் அளவுகோலில் 7 என்பது நடுநிலை. தோல் ஏறத்தாழ 5. சோப்புக் கரைசல் 9 அல்லது 10. சலவைச் சோடாக் கரைசல் 11 அளவில் இருக்கும். காரம் மிகுந்த நீரில் நெடுநேரம் ஊறும் கை வலுவிழப்பது இதனாலேயே.

முதல் வகை, எரிச்சலால் வரும் அழற்சி. இது யாருக்கும் வரலாம். பொருளின் கடுமையும், கை நனைந்திருக்கும் நேரமும் மிகுந்தால் இதுவும் மிகும். ஜெர்மனி நாட்டின் தொழிற் பாதுகாப்பு விதிகள், ஒருநாளில் 2 மணி நேரத்துக்கு மேல் கை நனைந்திருப்பதையோ, அடிக்கடி கை கழுவ நேர்வதையோ தோலுக்கு ஊறு தரும் 'ஈரவேலை' என்று வகுத்துள்ளன. நம் வீட்டுப் பெண்கள் இவ்வளவைக் காலைப் பொழுதிலேயே கடந்துவிடுவர்.

இரண்டாம் வகையே உண்மையான ஒவ்வாமை. உடலின் காப்பு அணுக்கள் ஒரு குறிப்பிட்ட பொருளைப் பகையென்று ஒருமுறை நினைவில் பதித்துக்கொண்டால், பின்னர் அது சிறிதளவு பட்டாலும் போதும்; ஓரிரு நாளில் அரிப்பும் கொப்புளமும் தோன்றும். இந்நினைவு பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நீங்குவதில்லை. சோப்பில் சேரும் வாசனைப் பொருள்கள், திரவச் சோப்புக் கெடாமலிருக்கச் சேர்க்கும் மருந்துகள், ரப்பர் கையுறையிலுள்ள வேதிப்பொருள்கள், பழைய பைன் எண்ணெய், சிமெண்டிலுள்ள குரோமிய உப்பு ஆகியன இவ்வகை ஒவ்வாமையை உண்டாக்குவனவற்றுள் சில. எரிச்சலால் வெடித்த தோலின் வழியே இப்பொருள்கள் எளிதில் உட்புகும். ஆதலால் முதல் வகை இரண்டாம் வகைக்கு வாயில் திறந்துவிடுகிறது.

இவையன்றி மூச்சு வழியாக வரும் கேடும் உண்டு. இங்கிலாந்தில் சலவைத் தூள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், அதில் சேர்த்த நொதிப் பொருளின் தூசியைச் சுவாசித்த தொழிலாளருக்கு இழைப்பு நோய் வந்ததை 1969-இல் மருத்துவர்கள் வெளியிட்டனர். அதன்பின் அந்நொதியைத் தூசி பறக்காத மணிகளாகச் செய்யத் தொடங்கினர். ஐரோப்பாவில் 6,000-க்கும் மேற்பட்டோரை ஏறத்தாழ 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, நார்வே நாட்டின் பெர்கன் பல்கலைக்கழகத்தார் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், துப்புரவு வேலை செய்யும் பெண்களின் நுரையீரல் வலிமை மற்றப் பெண்களுடையதைவிட விரைவாகக் குறைந்தது எனக் கண்டனர். பினாயில் நெடியால் இருமல் வருகிறது என்று ஒரு பெண் சொன்னால் அதனைச் சாக்குப்போக்கு என்று நாம் கருதலாகாது.

காரணத்தைக் கண்டறிதல்

நோய் தோன்றும் இடமே பல வேளைகளில் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். மோதிரத்தின் அடியிலும் விரல் இடுக்கிலும் தொடங்கினால், அங்கே தங்கிய சோப்பை ஐயுற வேண்டும். கையுறையின் விளிம்பு படும் மணிக்கட்டில் தொடங்கினால் ரப்பரை ஐயுற வேண்டும். வலக்கையால் கத்தி பிடிப்பவருக்கு இடக்கையின் பெருவிரலிலும் அடுத்த இரு விரல்களிலும் மட்டும் வெடிப்பு வந்தால், உரிக்கும்போது பிடித்த பூண்டே காரணமாக இருக்கலாம். கண்ணிமையில் அரிப்பு வந்தால் காற்றில் பரவும் நெடியையும் தூளையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஐயத்துக்குரிய பொருள்களில் ஒன்றை மட்டும் இரண்டு மூன்று வாரம் நிறுத்திப் பார்க்கலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது தீங்கு செய்தது என்பது விளங்காது. தோல் ஆறியதுபோல் தோன்றினாலும் அதன் வலிமை முழுதும் மீளச் சில மாதங்கள் ஆகும். ஆகவே, ஆறிவிட்டது என்று உடனே பழைய முறைக்குத் திரும்புதல் கூடாது.

ஒவ்வாமையை ஐயமறத் தெளிய 'ஒட்டுச் சோதனை' உள்ளது. யோசெப் யாதசோன் என்னும் மருத்துவர் 1895-இல் இதனை அறிமுகப்படுத்தினார். தக்க அளவில் நீர்த்த பொருள்களை முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்து, அன்றும் மேலும் ஓரிரு நாள் கழித்தும் தோலைப் பார்ப்பார்கள். சென்னை அரசு பொது மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளின் தோல்நோய்ப் பிரிவில் இது குறித்து ஆலோசனை பெறலாம். சலவைத் தூளையோ அமிலத்தையோ வீட்டிலேயே தோலில் வைத்துக் கட்டிச் சோதித்தல் ஆபத்தானது. அது புண்ணை உண்டாக்கும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் கூற வேண்டும். முதலாவது, அரிப்பு என்றவுடன் மருந்துக் கடையில் கேட்டு ஏதேனும் ஒரு களிம்பை வாங்கித் தடவும் வழக்கம். பல களிம்புகளில் ஸ்டீராய்டு மருந்து உண்டு. முறையின்றித் தடவினால் தோல் மெலியும், படர்தாமரை போன்ற பூஞ்சை நோய் மறைந்து வளரும். இது கருதியே 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டு இன்றி விற்கலாகாது என்று விதித்தது. இரண்டாவது, தோலில் நிறம் மாறிய திட்டும் அவ்விடத்தில் உணர்ச்சியின்மையும் இருந்தால் அது தொழுநோயின் அறிகுறியாக இருக்கக்கூடும். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்ல வேண்டும். அது முற்றிலும் குணமாகக் கூடியதே.

வேலையை மாற்றிச் செய்யும் முறை

ஒவ்வாமை உள்ளவர் வீட்டு வேலையையே விட்டுவிடுதல் நடைமுறையில் இயலாது. முறையை மாற்றிக்கொள்வதே வழி.

1. ஈரவேலைகளை நாள் முழுதும் சிதறவிடாமல், ஒன்றிரண்டு வேளைகளில் சேர்த்துச் செய்க. இடையிடையே பெருக்குதல், துணி மடித்தல் முதலிய உலர்ந்த வேலைகளை வைத்துக்கொள்க.

2. மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிட்டு வேலை தொடங்குக.

3. உள்ளே மெல்லிய பருத்திக் கையுறையும் வெளியே ரப்பர் அல்லது பிளாஸ்டிக் கையுறையும் அணிக. ரப்பர் ஒவ்வாதவர் ரப்பரைத் தவிர்க்க. ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒருமுறை கழற்றி வியர்வையை உலரவிடுக. ஓட்டை விழுந்த கையுறை, கையுறை இல்லாமையினும் கெடுதல். உட்புகுந்த சோப்பு நீர் வெளியேறாமல் தோலை ஊறவைக்கும்.

4. சலவைத் தூளைக் கையால் அள்ளாமல் கரண்டியால் அளந்து போடுக. கையால் கலக்காமல் கோலால் கலக்குக. நுரை மிகுந்தால் அழுக்கு மிகுதியாகப் போகும் என்பது தவறான எண்ணம்; மிகுதியான தூள் துணியிலும் தங்கி உடலை அரிக்கும். துணியை மேலும் ஒருமுறை நல்ல நீரில் அலசுக.

5. குந்தி அமர்ந்து துணியால் தரை துடைப்பதைவிட நீண்ட கைப்பிடியுள்ள துடைப்பானைக் கொள்க. கைக்கும் முழங்காலுக்கும் ஒருசேர நன்மை உண்டு.

6. வேலை முடிந்ததும் வெந்நீரில் அன்றி, தண்ணீரிலோ இளஞ்சூட்டு நீரிலோ கையைக் கழுவி, விரல் இடுக்குகளை ஒற்றித் துடைத்து, வாசனை சேராத வாசலினையோ தூய தேங்காய் எண்ணெயையோ தடவுக. படுக்கும் முன் மீண்டும் ஒருமுறை தடவுக. செலவு குறைந்ததும் பயன் மிகுந்ததும் இவ்வழக்கமே.

நீரின் தன்மையையும் நாம் கவனிக்க வேண்டும். கடின நீரில் சோப்பு நுரைக்காமல் வெண்மையான கசடாகத் திரியும். நுரை வரும் வரை சோப்பைத் தேய்ப்பதால் கைக்குக் கேடு இரட்டிக்கும். குடிநீரில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பது ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காவிடில் 600 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. ஆழ்குழாய்க் கிணற்று நீர் கடினமாக உள்ள ஊர்களில், மழைக்காலத்தில் கூரைநீரைப் பிடித்துத் துவைக்கவும் துலக்கவும் பயன்படுத்துதல் நன்று. மழைநீர் மென்னீர், அதற்குப் பாதிச் சோப்பே போதும்.

பழைய பொருள்கள் எவ்வளவு உதவும்?

பூந்திக்கொட்டையில் நுரைக்கும் பொருள் இயற்கையாகவே உள்ளது. கொட்டை நீக்கிய 10 அல்லது 12 தோடுகளை ஒரு லிட்டர் நீரில் இரவு ஊறவைத்து, மறுநாள் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டினால், துணிக்கும் பாத்திரத்துக்கும் உதவும் நீர் கிடைக்கும். கடின நீரிலும் இது கசடாகத் திரியாது. ஆனால் இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும். கண்ணில் பட்டால் எரியும். மீனுக்கு இது நஞ்சாதலால் குளத்திலோ குட்டையிலோ ஊற்றலாகாது. எண்ணெய்ப் பிசுக்குள்ள பாத்திரத்தில் கடலை மாவையோ அரிசித் தவிட்டையோ தூவித் துடைத்துவிட்டுப் பின் கழுவினால் சோப்பின் தேவை பெரிதும் குறையும்.

ஆயினும், பழைய பொருள் யாவும் தீங்கற்றவை என்று முடிவு செய்துவிடுதல் பிழை. சாம்பலில் உள்ளது பொட்டாசியம் கார்பனேட், அதுவும் காரமே. எலுமிச்சையும் புளியும் வெடித்த கையில் எரியும். சீயக்காய்த் தூள் மூக்கில் ஏறினால் சிலருக்கு இழைப்பு வரும். 'மூலிகை' என்று எழுதிய புட்டியிலும் வாசனைப் பொருள் இருக்கலாம். எப்பொருளாயினும் அதன் குணத்தை அறிந்து கையாள்வதே அறிவுடைமை.

ஒருபோதும் கலக்கலாகாதவை

கழிப்பிடம் நன்றாக வெளுக்க வேண்டும் என்று பிளீச்சிங் பவுடரைத் தூவி, அதன்மேல் அமிலத்தை ஊற்றும் வழக்கம் சிலரிடம் உண்டு. அவ்வாறு செய்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915-இல் முதல் உலகப் போரில் பெல்ஜியம் நாட்டின் ஈப்பர் நகரருகே போர்வீரர்மீது ஏவப்பட்ட நச்சுக் காற்று இதுவே. காற்றோட்டமற்ற சிறிய கழிப்பறையில் இது நுரையீரலைப் புண்ணாக்கி உயிருக்கும் ஊறு செய்யும். அம்மோனியா சேர்ந்த திரவத்தோடும் பிளீச்சிங் பவுடரைக் கலக்கலாகாது. ஒருநாளில் ஒரு பொருளையே பயன்படுத்துக. நிறைய நீர் ஊற்றிக் கழுவுக. சன்னலையும் கதவையும் திறந்து வைக்க. தவறி நெடி கிளம்பினால் உடனே வெளியே வந்து தூய காற்றைச் சுவாசிக்க வேண்டும்; மூச்சுத் திணறினால் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

ஆடவர் செய்ய வேண்டுவன

இது பெண்களுக்கு மட்டும் உரிய செய்தி என்று உழவர் பெருமக்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. பம்புசெட்டும் டிராக்டரும் பழுது பார்த்த கையை மண்ணெண்ணெயாலும் சலவைச் சோடாவாலும் தேய்ப்பதும், சிமெண்டுக் கலவையை வெறுங்கையால் அள்ளுவதும் இதே நோயைத் தரும். பூச்சிமருந்து தெளித்த உடையை வீட்டுத் துணியோடு சேர்த்துப் போட்டால், துவைப்பவரின் கைக்கு அந்நஞ்சும் சேர்ந்து போய்ச் சேரும். அதனைத் தனியே வைத்து, அணிந்தவரே துவைத்தல் நன்று.

இவை யாவற்றினும் சிறந்த மருந்து ஒன்று உண்டு. கை ஆறும் வரை பாத்திரம் துலக்குவதையும் துவைப்பதையும் கணவரும் வளர்ந்த மக்களும் ஏற்றுக்கொள்வதே அது. எவ்வளவு விலையுயர்ந்த களிம்பும், நாள்தோறும் சோப்பு நீரில் ஊறும் கையை ஆற்றாது. ஓய்வு தராமல் மருந்து மட்டும் வாங்கித் தருவது, ஓட்டைப் பானையில் நீர் வார்ப்பதற்கு ஒப்பாகும்.

ஊராட்சியின் கடமைகள்

ஊராட்சி இதில் ஆற்றக்கூடிய பணிகள் பல. குடிநீர்த் தொட்டி இயக்குபவரும் தூய்மைப் பணியாளரும் பிளீச்சிங் பவுடரை நாள்தோறும் கையாள்கின்றனர். அவர்களுக்குக் கையுறை, முகக்கவசம், கண்ணாடி ஆகியவற்றை வழங்குவதோடு, கிழிந்தபோது மாற்றியும் தர வேண்டும். பவுடரைப் பிளாஸ்டிக் வாளியில் சிறிது நீர்விட்டுக் குழைத்து, மேலும் நீர் சேர்த்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் சேர்க்க வேண்டும்; காற்று முதுகுப்புறமிருந்து வீசுமாறு நின்றுகொள்ள வேண்டும். ஈரமும் வெயிலும் படாமல் மூடி வைக்காத பவுடர் வலுவிழக்கும். வலுவிழந்ததை இரட்டிப்பாகப் போடுவதால் பணியாளருக்குத் துன்பமே மிஞ்சும். பிரமுகர் வருகையின்போது உலர்ந்த சாலையோரத்தில் வெள்ளைக் கோடு போலத் தூவுவதால் விளையும் சுகாதாரப் பயன் மிகச் சிறிது. தூவுபவர் சுவாசிக்கும் தூசியோ மிகுதி.

மகளிர் சுயஉதவிக் குழுக்கள் பல ஊர்களில் பினாயிலும் சோப்புத் திரவமும் தயாரித்து விற்கின்றன. இது வரவேற்கத்தக்க தொழில். புட்டியின்மேல் சேர்ந்துள்ள பொருள்கள், செய்த நாள், நீர் சேர்க்கும் அளவு, எச்சரிக்கை ஆகியவற்றைத் தமிழில் எழுதி ஒட்டுமாறு குழுக்களை ஊக்குவிக்க வேண்டும். வாசனையும் நிறமும் சேர்க்காத ஒரு வகையையும் செய்தால், ஒவ்வாமை உள்ளோர் அதனைத் தேடி வாங்குவர். அமிலத்தையும் பினாயிலையும் குளிர்பானப் புட்டியில் ஊற்றி விற்பதையும் வாங்குவதையும் அறவே ஒழிக்க வேண்டும். சிறு குழந்தை எடுத்துக் குடித்துவிட்டால் விளையும் துன்பத்துக்கு ஈடு இல்லை.

வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்களுக்கென 2007-இல் தமிழ்நாடு வீட்டுப் பணியாளர்கள் நல வாரியம் அமைக்கப்பட்டது. அதில் பதிவு செய்துகொள்ள ஊராட்சி உதவலாம். வேலை கொடுக்கும் இல்லத்தாரிடம் கையுறையும் நீண்ட கைப்பிடித் துடைப்பானும் கேட்டுப் பெறுவது சலுகை அன்று, வேலைக்குரிய கருவி என்பதை அப்பெண்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இதற்கென அரைமணி நேரம் ஒதுக்குமாறு உறுப்பினர்களை வேண்டுகிறோம். கிராம சுகாதாரச் செவிலியரை அழைத்துப் பேசச் செய்க. கையில் வெடிப்பு உள்ளவர்களின் பட்டியல் ஒன்று தயாரித்து, அவர்களை ஒருநாள் ஒன்றாக ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்க. தனியே செல்லக் கூசும் பெண்களும் பலரோடு சேர்ந்து சென்றால் தயங்க மாட்டார்கள்.